ஸ்பூல் வழுக்காமல் எறிவது எப்படி?

“ஏழரை அடி,” என்று அறிவித்தாள் மனைவி. “போன தடவை ஒன்பது இருந்துச்சு. குறைஞ்சுக்கிட்டே வருதுங்க.”

சீல் சாருக்கு அந்த எண்ணே பிடிக்கவில்லை. “எட்டுன்னு வச்சுக்க,” என்றார்.

“வச்சுக்கலாம். நூறு மீட்டருக்கு இன்னும் எவ்வளவு பாக்கின்னு நீங்களே பார்த்துக்குங்க.”

அவள் கையில் இருந்தது துணி அளக்கும் டேப். அதன் மொத்த நீளமே ஐந்தடிதான். அதை ஒருமுறை போட்டு, இன்னொருமுறை பாதி போட்டால் கணவரின் சாதனை முடிந்துவிடுகிறது. குடியிருப்புக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் கொஞ்சம் காலி நிலம் இருந்தது. கடல் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் புதன்கிழமை மாலையில் அலுவலகம் விட்டு வந்த மனிதருக்குக் கிடைத்த கடல் அதுதான்.

அவர் செய்ததில் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. பன்னிரண்டடித் தூண்டில் கழியைத் தோளுக்குப் பின்னால் சாய்த்தார். தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் மடக்கிப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். பாதி வீச்சில்தான் வினை வந்தது. கழியில் மாட்டியிருக்கும் ரீலில், நரம்பு சுற்றியிருக்கும் உருளைக்கு ஸ்பூல் என்று பெயர். அது அசையாமல் இருக்க வேண்டிய நேரத்தில் ‘கர்ர்ர்’ என்று தானாகச் சுழன்று, நரம்பை விட்டுக்கொடுத்துவிட்டது. ஈயக்குண்டு பறக்க வேண்டிய பக்கத்தை மறந்து காலடியில் வந்து விழுந்தது. நரம்பு போகிற போக்கில் விரலையும் அறுத்துவிட்டுப் போனது.

“ரத்தம் வருதுங்க.”

“வரட்டும். இன்னொண்ணு எறியறேன்.”

இவ்வளவு வீராவேசத்துக்கும் காரணம் ஒரு பொய். அதுவும் சாப்பாட்டு நேரத்தில், யாரும் வற்புறுத்தாமல் சொன்ன பொய்.

சீல் சார் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தார். வெளியே போகும் ஒவ்வொரு மெத்தைக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சீல். பத்தொன்பது வருஷமாக அதைக் குத்திக் குத்தி, சொந்தப் பெயரை அலுவலகமே மறந்துவிட்டது. கிடங்கு அதிகாரியின் இடம் இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு வருகிறவர் சீல் குத்த வேண்டியதில்லை, கையெழுத்துப் போடலாம். சீல் சாருக்கு அந்த ஆசை உண்மையாகவே இருந்தது. யாரும் பார்க்காதபோது பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பார்.

திங்கட்கிழமை, கேண்டீனில் மேனேஜர் தட்டோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார். மேனேஜருக்கு வயது முப்பத்தெட்டு. சீல் சாரைவிடப் பதினொரு வயது சின்னவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மீட்டிங்கில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால், இவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விடுவார்; சத்தம் ஓய்ந்த பிறகுதான் தாகம் தீரும்.

“சனிக்கிழமை காலைல கடலுக்கு மீன் பிடிக்கப் போறேன். நீங்களும் வர்றீங்களா?” என்று கேட்டார்.

“வரேன் சார்” என்று சொன்னால் போதுமாக இருந்தது. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் மேனேஜர்கள் யாரும் எதிரில் வந்து உட்கார்ந்ததில்லை. தலை கொஞ்சம் கிறுகிறுத்துவிட்டது.

“சின்ன வயசுலேருந்து நமக்கு அதுதான் சார் பொழுதுபோக்கு. சாதாரணமா நூறு மீட்டர் எறிவேன்.”

மேனேஜர் எதையோ மென்று விழுங்கினார். “அப்படியா... தெரியாமப் போச்சே,” என்றார்.

அவர் எழுந்து போன மறு நிமிஷம் கணக்கு அக்கா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள். கணக்குப் பிரிவில் இருப்பவள். கணக்கைத் தவிர மற்ற எல்லாத் தகவலும் அவளிடம் சரியாக இருக்கும் என்று பெயர்.

“அடிச்சுது பாருங்க யோகம்! இதுவரைக்கும் மூணே பேரைத்தான் மேனேஜர் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. மூணு பேரும் இப்ப தலைமை அலுவலகத்துல இருக்காங்க. ஒருத்தருக்குத் தனி ரூமாம். ஜன்னல்கூட இருக்காம்.”

“நெஜமாவா?”

“பின்ன? திங்கட்கிழமை வந்து மேசையை ஒழிச்சுக்கிட்டுப் போனதை நான் கண்ணால பார்த்தேன்.”

அனுபவஸ்தரிடம் இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்று, போன வருஷம் கடலுக்குப் போய்வந்த தையல் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு சீல் சார் போன் செய்தார். “மேனேஜரோட மீன் பிடிக்கப் போனீங்களே சார், அங்க எப்படி...” என்று ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தால் போன் அணைக்கப்பட்டிருந்தது.

“பெரிய ஆளாயிட்டாருல்ல,” என்றாள் கணக்கு அக்கா. “நம்மகிட்டல்லாம் பேசுவாரா?”

ஆக, கழியும் ரீலும் மனைவியின் தம்பியிடமிருந்து இரவலாக வந்தன. அவன் உண்மையாகவே மீன் பிடிக்கிறவன். அந்த ரீலுக்குத் தனி உறை, தனி துணி, தனி அலமாரி. “பத்திரம் அத்தான்” என்று மூன்று முறை சொல்லித்தான் கொடுத்தான்.

புதன்கிழமை மாலை, ஏழரை அடிக்குப் பிறகு, சீல் சார் அவனுக்குப் போன் செய்தார்.

“மாப்ள, இந்த ஸ்பூலு வழுக்குது.”

“முன்னாடி ஒரு திருகு இருக்கு பாருங்க அத்தான். அதுதான் பிடிமானம். எறியறதுக்கு முன்னாடி அதை நல்லாத் திருகி இறுக்கணும். தளர்ந்திருந்தா ஸ்பூல் சுத்தத்தான் செய்யும்.”

“அவ்வளவுதானா!”

சீல் சார் திருகினார். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்கவில்லை. திருகுவதில் என்ன கேள்வி? திருகத் திருகக் கைக்குச் சுலபமாக இருந்தது. அது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்.

“தள்ளி நில்லு. இந்தத் தடவை டேப்பு பத்தாது,” என்று மனைவியை எச்சரித்துவிட்டு வீசினார்.

டேப் பற்றவில்லை என்பது உண்மைதான். முழுசாகக் கழன்றுவிட்ட திருகு ஒரு பக்கம் போக, ஸ்பூல் ரீலைவிட்டு வெளியேறி, நரம்பும் குண்டுமாக மேலே கிளம்பி, மூன்றாம் மாடி டீச்சரம்மாவின் பால்கனிக்குள் போய் இறங்கியது. அங்கே கொடியில் இரண்டு படுக்கை விரிப்பும் ஒரு வார உடுப்பும் காய்ந்துகொண்டிருந்தன. ஸ்பூல் தரையில் உருண்டபடியே அத்தனையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

“யாருங்க அது, என் துணியையெல்லாம் தூண்டில் போட்டுப் பிடிக்கிறது?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். இவருக்கு சனிக்கிழமை பரீட்சை,” என்றாள் மனைவி.

டீச்சரம்மாவுக்குப் பரீட்சை என்றால் இரக்கம் வந்துவிடும். துணியை அறுக்காமல் நரம்பைப் பிரிக்க மூன்று பேருக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு மனைவி அந்த நரம்பு முழுவதையும் தன் தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற லாவகத்தோடு வெற்று ஸ்பூலில் சுற்றிக் கொடுத்தாள். திருகு ஒரு வண்டியின் அடியில் கிடைத்தது. இந்தத் தடவை சரியான பக்கம், கை வலிக்கிற அளவுக்கு இறுக்கினார்.

வியாழக்கிழமை விடிந்ததும் எறிந்து பார்த்தார். ஸ்பூல் அசையவில்லை. ஆனால் ஸ்பூலின் மேல் இருந்த நரம்பு மொத்தமும், கையில் தொளதொள வளையல் சுழன்றாற்போல, தனியாக ஒரு சுற்று சுற்றியது. விரலில் நேற்று அறுந்த இடத்திலேயே, இம்மி பிசகாமல், மறுபடி அறுத்தது.

“வெறும் ஸ்பூல் மேலயா சுத்தினீங்க?” என்று போனில் பதறினான் மைத்துனன். “நரம்பு வழுவழுன்னு இருக்கும் அத்தான். அடியில ஒரு சுத்து டேப்பு ஒட்டி, அது மேலதான் கட்டணும். இல்லாட்டி மொத்தக் கட்டும் சுத்தும்.”

“இதை நேத்தே சொல்றதுக்கென்ன?”

“நேத்து நீங்க நரம்பு பூராவையும் உருவுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆமா, எதுக்கு உருவுனீங்க?”

“சிக்னல் சரியில்ல மாப்ள,” என்று சீல் சார் போனை வைத்துவிட்டார். வீட்டில் இருந்த பிளாஸ்டர் முழுவதும் விரலுக்குப் போய்விட்டது. டேப்புக்கு எங்கே போவது? டெஸ்பாட்ச் பிரிவில் டேப்புக்கா பஞ்சம்! ரீலை மட்டும் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

வாசலில் விரல் ரேகை மெஷின் இருந்தது. தினமும் காலையில் வலது கை ஆள்காட்டி விரலை அதில் வைக்க வேண்டும். வைத்தார். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. பிளாஸ்டரை உரித்துவிட்டு வைத்தார். இரண்டு நாள் அறுபட்ட விரலில் மெஷினுக்குத் தெரிந்த கோடு ஒன்றுகூட மிச்சமில்லை.

செக்யூரிட்டி பதிவேட்டைப் பிரித்தார். “யாரைப் பார்க்கணும் சார்?”

“என்னய்யா, என்னைத் தெரியலையா?”

“எனக்கு நல்லாத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியலையே. மெஷினுக்குத் தெரியாதவங்க எல்லாரும் இந்தப் புத்தகத்துலதான் எழுதணும், அதுதான் ஆர்டர்.”

‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் சீல் சார் வேறு வழியில்லாமல் தன் பெயரையே எழுதினார். கழுத்தில் ‘பார்வையாளர்’ என்ற அட்டை மாட்டப்பட்டது. பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்த நாற்காலியில் அன்று பார்வையாளராக உட்கார்ந்தார்.

முதல் வேலையாக மேசைக்கு அடியில் ரீலை வைத்து, நரம்பைப் பிரித்து, மெத்தை கட்டும் பளபளப்பான டேப்பை ஸ்பூலில் நாலைந்து சுற்று ஒட்டி, மறுபடி நரம்பைச் சுற்றினார். கடைசிச் சுற்றில் இருக்கும்போது காலடிச் சத்தம் கேட்டது. மேனேஜர். ரீலை ஒளிக்க இடம் தேடினார். பக்கத்தில் வாய் திறந்து கிடந்த ஒரு குழந்தை மெத்தைப் பையில் அதைத் திணித்து, பையின் வாயையும் ஒட்டினார்.

மேனேஜர் அவர் கழுத்து அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் என்னவோ போல் ஆயிற்று.

“இது மெஷின் பண்ணின கூத்து சார்,” என்று சீல் சார் சிரித்தார்.

“பரவாயில்லை. சனிக்கிழமை சாவகாசமாப் பேசிக்கலாம்,” என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மேனேஜர் வேகமாகப் போய்விட்டார்.

சாவகாசமாக! சீல் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. முன்னால் வந்த சீட்டுகளுக்கெல்லாம் சீல் குத்தினார். பதினோரு குழந்தை மெத்தைகள் லாரிக்குப் போயின. சுமார் பத்து நிமிஷம் கழித்துத்தான், கால் பக்கம் காலியாக இருப்பது உறைத்தது.

அவர் ஓடிய ஓட்டத்தை அந்த அலுவலகம் அதுவரை பார்த்ததில்லை. லாரி கேட்டில் நின்றிருந்தது. செக்யூரிட்டி குறுக்கே கையை நீட்டினார்.

“பார்வையாளருங்க லாரிகிட்டப் போகக் கூடாது சார்.”

“யோவ், அந்தச் சீட்டுல சீல் குத்தினதே நான்தான்யா!”

“சீல் சரியா இருக்கு சார். அதனாலதான் லாரியை விடறேன்.”

கடைசியில் கணக்கு அக்கா வந்து பொறுப்பேற்றுக்கொண்ட பிறகு, பதினோரு பைகளையும் பிரித்தார்கள். ரீல் பதினோராவது பையில் இருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மாலை சோதனை. மெத்தை கட்டும் டேப் வழுக்கும் ஜாதி என்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வீச்சு போதுமாக இருந்தது. நரம்புக்கட்டு முன்னைவிட உற்சாகமாகச் சுற்றியது. மனைவி அளக்கும் டேப்பைத் தரையில் வைக்கக்கூட இல்லை. கண்ணாலேயே பார்த்து “அஞ்சு” என்றாள்.

“தம்பிகிட்ட கேக்கட்டுமா?”

“வேணாம். அவன் ரீலைப் பார்க்கணும்பான்.”

சீல் சார் ஒரு முடிவுக்கு வந்தார். சுழல்கிற பொருளைச் சுழலாமல் செய்ய ஒரே வழி, ஒட்டிவிடுவது. பீங்கான், பிளாஸ்டிக், செருப்பு என்று எதை வேண்டுமானாலும் நொடியில் ஒட்டும் பசை ஒன்று சமையலறை அலமாரியில் இருந்தது. நரம்பின் அடியில் சில சொட்டு, ஸ்பூலின் பின்பக்கம் சில சொட்டு, சந்தேகத்துக்குத் திருகில் சில சொட்டு விட்டார். ஸ்பூல் பாறை போல் நின்றுவிட்டது. வெற்றிக் களிப்பில் அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். கையை எடுக்க முடியவில்லை.

“ஏங்க, சாப்பிட வாங்க.”

“நான் மட்டும் வர முடியாது. இதுவும் வரும்.”

மனைவி வந்து பார்த்தாள். ஆள்காட்டி விரலும் ரீலும் பிறக்கும்போதே சேர்ந்து பிறந்தவை போல இருந்தன. உள்ளே போய், நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலை எடுத்து வந்து, விரலைச் சுற்றி ஊற்றினாள். விடவில்லை. ரீலுக்குள் ஊற்றினாள். கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயையும் தாராளமாக விட்டாள். அரை மணி நேரத்தில் விரல் வெளியே வந்தது. பசையும் கரைந்து வெளியே வந்தது. ரீலுக்குள் பிடிமானத்துக்கென்று இருந்த வாஷர்கள் மட்டும் எண்ணெய் குடித்து ஊறிப்போயின. அதன் பிறகு திருகை எவ்வளவு இறுக்கினாலும், விரலால் லேசாகத் தட்டினாலே ஸ்பூல் காற்றாடி மாதிரி சுற்றியது.

மனைவி அதை விரலால் பிடித்து நிறுத்தினாள்.

“உண்மையைச் சொல்லிடுங்களேன்,” என்றாள் மனைவி. “எறியத் தெரியாதுன்னா தலையையா எடுத்துடுவாரு?”

“பத்தொன்பது வருஷத்துல அந்த ஆபீஸ்ல ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன். அதையும் காப்பாத்தத் தெரியலைன்னா எப்படி?”

“கிடைக்கலைன்னா போகுதுங்க.”

“கிடைச்சா நல்லா இருக்குமேன்னுதான்,” என்றார் சீல் சார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் அவர் விரலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை மேனேஜரின் கார் வந்தது. டிரைவர் இறங்கிக் கழியை வாங்கி வைத்தார். நரைத்த மீசையுடன், பேச்சைச் சிக்கனமாக வைத்திருக்கும் ஆள். வழியெல்லாம் மேனேஜரும் பேசவில்லை. கடலில் இறங்கும் கல் தடுப்பின் பக்கத்தில் காரை நிறுத்தியதும், டிரைவர் சீல் சாரின் காதருகே வந்து, “பஸ் ஸ்டாப்பு அந்த வளைவுல இருக்கு சார். அரை மணிக்கு ஒண்ணு உண்டு,” என்று தேவையில்லாமல் ஒரு தகவல் சொன்னார். எதற்கு என்று சீல் சாருக்குப் புரியவில்லை. கேட்கிற மனநிலையிலும் அவர் இல்லை.

கடல் அமைதியாக இருந்தது. மேனேஜர் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்தார். பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். தன் தூண்டிலைக்கூட எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பையிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

சீல் சார் காபியைக் கீழே வைத்தார். ஆர்டர் கவரிலேயே வந்துவிட்டது! ஆனால் எறிந்து காட்டாமல் வாங்கிக்கொள்வது முறையா? “ஒரே ஒரு வீச்சு வீசிட்டு உட்கார்றேன் சார்,” என்று எழுந்தார்.

வீசினார். ஸ்பூல் கர்ர்ர் என்றது. நரம்பு விரல் கட்டில் மாட்டி, பஞ்சோடு சேர்த்து உருவிக்கொண்டது. ஈயக்குண்டு பின்பக்கமாகப் போய் மேனேஜரின் காபியில் விழுந்தது.

மேனேஜர் காபியைப் பார்க்கவில்லை. ரீலைப் பார்த்தார். “வழுக்குது,” என்றார்.

“லேசா சார்.”

“இறுக்கினீங்களா?”

“இறுக்கினேன் சார்.”

மேனேஜர் தயங்கினார். கவரை ஒருமுறை தட்டினார். “சரி, அது கிடக்கட்டும். விஷயம் என்னன்னா, கம்பெனி இப்ப...”

கர்ர்ர். இரண்டாவது வீச்சு. குண்டு இந்த முறை முன்பக்கமாகத்தான் போனது. நாலு கல் தள்ளி விழுந்தது. மேனேஜரின் முகம் சுளித்தது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ சுருதி பிசகிப் பாடினால் எப்படி இருக்கும், அந்தச் சுளிப்பு.

“கம்பெனி நிலைமையை யோசிச்சு...” கர்ர்ர்.

“ஐயோ, நிறுத்துங்க! கொண்டாங்க இங்கே!” என்றார் மேனேஜர். அலுவலகத்தில் யாரும் கேட்டிராத குரல் அது. கவரைப் பையில் செருகிவிட்டு ரீலை வாங்கினார். திருகைக் கழற்றினார். முகர்ந்து பார்த்தார். “இது என்ன, நெயில் பாலிஷ் வாசனை?”

இனி தப்பிக்க வழியில்லை. சீல் சாருக்கும் அந்தப் பொய்யை ஆறு நாளாகச் சுமந்து அலுத்துவிட்டது.

“சார், எனக்கு எறியத் தெரியாது. கடல்ல தூண்டில் போட்டதே இல்ல. நூறு மீட்டர்னு சொன்னது சும்மா. இந்த ரீலு மச்சினனோடது. இதை மூணாம் மாடிக்கு எறிஞ்சு, லாரியில ஏத்தி, பசை போட்டு ஒட்டி...” என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் ஒப்பித்தார். டீச்சரம்மாவின் துணியையும் விடவில்லை. சொல்லி முடித்து, தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்து, கிடங்கு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

நிமிர்ந்து பார்த்தால், மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எனக்காகவா இவ்வளவு பண்ணினீங்க?” என்றார், துடைத்துக்கொண்டு. “இங்கே வந்தவங்க யாரும் இதுவரைக்கும் ரீலைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. உட்காருங்க.”

அதன் பிறகு நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. மேனேஜர் வாஷர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கல்லில் காயவைத்தார். ஸ்பூலின் அடியில் துணி டேப்பை ஒட்டி, நரம்பை இழுத்துப் பிடித்துச் சுற்றினார். விரலுக்குத் தன் தோல் உறையை மாட்டிவிட்டார். எறிவதற்கு முன்னால் திருகை முழுக்க இறுக்க வேண்டும், நரம்பைக் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும், நகரவில்லை என்றால்தான் வீச வேண்டும், குண்டு தண்ணீரில் விழுந்ததும் மறக்காமல் திருகைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மீன் நரம்பை அறுத்துவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனார். மெத்தை விற்பனையைப் பற்றி அவர் பேசியபோது ஒருநாளும் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லை.

எண்ணெய் ஊறிய வாஷர் முழுசாகக் காயவில்லை. ஸ்பூல் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் மதியத்துக்குள் குண்டு ஒருமுறை இருபது மீட்டர் போய் விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். மீன் எதுவும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை.

“என் ரீல்ல போட்டா சுலபமா எறிஞ்சிருவீங்க. ஆனா அது கத்துக்கிட்டதாகாது,” என்றார் மேனேஜர், நாற்காலிகளை மடக்கியபடி. “புது வாஷர் வாங்கி வைக்கறேன். அடுத்த சனிக்கிழமை வந்துடுங்க.”

“சார், அந்தக் கவர்...” என்றார் சீல் சார், பட்டும் படாமலும். “ஏதோ விஷயம் பேசணும்னீங்களே.”

மேனேஜர் பையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

“அதுக்கென்ன அவசரம்? முதல்ல நீங்க வழுக்காம ஒரு வீச்சு வீசுங்க. அரைகுறையா விட்டா எனக்குத் தூக்கம் வராது. அது முடிஞ்சதும் கவரைக் கையில குடுத்துடறேன்.”

காரில் திரும்பும்போது மேனேஜர் வாஷர்களின் வகைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவர் வீடு முதலில் வந்தது. இறங்கிக் கையசைத்துவிட்டுப் போனார். காரில் சீல் சாரும் டிரைவரும் மட்டும். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு சீல் சார் சாய்ந்து உட்கார்ந்தார். கிடங்கின் வாசல், புது மேசை, மேசையில் ஒரு பேனா எல்லாம் தெரிந்தன. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தார். மகிழ்ச்சி தாங்கவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

“ஒரு வீச்சுதான் டிரைவர் சார் பாக்கி. ராத்திரி பகல்னு பார்க்காம பழகப் போறேன். அடுத்த சனிக்கிழமை அந்த ஸ்பூல் ஒரு இம்மி வழுக்கக் கூடாது. எறிஞ்சதும் கையில கவர்!”

டிரைவர் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தார். காரை ஓரமாக நிறுத்தி, திரும்பி உட்கார்ந்தார்.

“தயவுசெஞ்சு கத்துக்காதீங்க சார்,” என்றார். “வேலையை விட்டு அனுப்பறவங்களைத்தான் ஐயா கடலுக்குக் கூட்டிட்டு வந்து, சத்தம் போடாம அந்தக் கவரைக் குடுப்பாரு, மூணு பேரும் கோவத்துல பஸ் ஏறிப் போயிட்டாங்க, திரும்பி வர்றப்ப கார்ல உட்கார்ந்திருக்கிற மொத ஆளு நீங்கதான்.”